எபாக்ஸி மேசைப் பலகையை ரவுட்டர் ஸ்லெட்டில் மட்டமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரமும் எபாக்ஸியும் (ஊற்றினால் கெட்டியாக உறையும் ரெசின்) சேர்த்து வார்த்த பலகை அச்சிலிருந்து வெளியே வரும்போது மட்டமாக இருப்பதில்லை. ரெசின் ஓரங்களில் ஏறி நிற்கும், மரம் கொஞ்சம் முறுக்கியிருக்கும், அடியில் கசிந்து உறைந்த கட்டிகள் ஒட்டியிருக்கும். இதையெல்லாம் ரவுட்டர் ஸ்லெட்டில் சீவி எடுப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரவுட்டர் என்பது, பிட் என்ற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தைச் சீவும் கைமெஷின்.

ஸ்லெட் என்றால் என்ன?

பலகையின் இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு ரெயில்கள். அவற்றின் மேல் குறுக்கே கிடக்கும் நீளமான தொட்டிதான் ஸ்லெட். தொட்டிக்குள் ரவுட்டர் இப்படியும் அப்படியும் ஓடும், தொட்டி ரெயில் மேல் நகரும். அடியில் உள்ள பலகை எவ்வளவு கோணலாக இருந்தாலும் பிட்டின் நுனி ஒரே தளத்தில்தான் போகும். அந்தத் தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் சீவப்படும்.

இதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: ரெயில் எப்படியோ, மேசை அப்படி. ரெயிலில் 1 மி.மீ. முறுக்கு இருந்தால் அந்த 1 மி.மீ. பலகையிலும் வரும். விலை உயர்ந்த ரவுட்டர் வாங்குவதைவிட ரெயிலை நேராக்கச் செலவிடும் ஒரு மணி நேரம் அதிகம் பலன் தரும்.

இவ்வளவு பாடு எதற்கு? பிளேனர் மெஷினில் விட்டால் போதாதா?

அகலம் முதல் தடை. மேசைப் பலகை பெரும்பாலான மெஷின்களுக்குள் நுழையாது. நுழைந்தாலும், பிளேனரின் உருளைகள் வளைந்த பலகையை அழுத்தி நேராக்கிக்கொண்டு சீவும். வெளியே வந்ததும் பலகை பழைய வளைவுக்கே திரும்பிவிடும். தடிமன் மட்டும்தான் சீராகியிருக்கும், வளைவு போயிருக்காது. தவிர, கெட்டியான எபாக்ஸி பிளேனர் பிளேடில் செதில் செதிலாகத் தெறிக்கும். டிரம் சாண்டரில் (உப்புத்தாள் சுற்றிய உருளையால் தேய்க்கும் மெஷின்) விட்டால் ரெசின் சூடேறி உப்புத்தாளை அடைத்துவிடும். ஒரு பக்கம் ஏற்கெனவே மட்டமாக இருந்து, அரை மில்லிமீட்டர்தான் எடுக்க வேண்டும் என்றால் டிரம் சாண்டர் பரவாயில்லை.

ஸ்லெட்டை என்ன அளவில் செய்வது?

900 மி.மீ. அகலப் பலகை, 50 மி.மீ. பிட், 170 மி.மீ. அடித்தட்டு உள்ள ரவுட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிட் இரண்டு விளிம்பையும் முழுதாகத் தாண்ட வேண்டும். அதற்குத் தொட்டியின் உள்நீளம் குறைந்தது 900 + 50 + 170 = 1,120 மி.மீ. தேவை. இரு பக்கமும் ரெயில் மேல் உட்கார இடம் விட்டு 1,400 மி.மீ. நீளத்தில் செய்யுங்கள்.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். நடுவில் பிட் எட்டிப் பார்க்க 65 மி.மீ. அகலத்தில் ஒரு நீளத் துளை வெட்ட வேண்டும். துளை போட்டதும் அடிப்பலகைக்குத் தனியாகப் பலம் எதுவும் மிஞ்சாது. முழுப் பாரத்தையும் இரு பக்கச் சட்டங்கள்தான் தாங்கும். எனவே அவை 18 மி.மீ. பிளைவுட்டில் குறைந்தது 100 மி.மீ. உயரமாக, பசையும் திருகும் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் அது தொய்வது எட்டில் ஒரு பங்காகக் குறையும். தடிமனை இரட்டித்தால் பாதியாக மட்டுமே குறையும். தொய்கிறதா? உயரமாக்குங்கள்.

ரவுட்டருக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையே மொத்தம் 1 மி.மீ. இடைவெளி விட்டால் போதும். இரு முனையிலும் நிறுத்துகட்டை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பிட் ரெயிலையே சீவும்.

பிட் பலகையை எட்டவே இல்லை. என்ன செய்வது?

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 12 மி.மீ. அடிப்பலகை, அதற்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி, சீவ வேண்டிய ஆழம் 10 மி.மீ.: மொத்தம் 32 மி.மீ. பிட் கீழே நீட்ட வேண்டும். அகலமான பிட்டுகளுக்கு ஷாங்க் (பிட்டின் தண்டு) குட்டை. எட்டவில்லை என்று ஷாங்கைக் கோலெட்டிலிருந்து (ரவுட்டரில் அதைப் பிடிக்கும் கவ்வி) வெளியே இழுத்துவிடாதீர்கள்; குறைந்தது 20 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ரெயிலைத் தாழ்த்துங்கள், அல்லது பலகையின் அடியில் ஒரே தடிமனுள்ள பலகை போட்டு உயர்த்துங்கள். பலகையின் மிக உயரமான இடத்துக்கு 5 முதல் 10 மி.மீ. மேலே ரெயிலின் தலை இருந்தால் போதும்.

ரெயில்கள் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

ரசமட்டத்தை நம்ப வேண்டாம். பூமிக்கு மட்டமாக இருப்பது இங்கே தேவையே இல்லை. இரண்டு ரெயிலும் நேராக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முழு ஏற்பாடும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் மேசை மட்டமாகவே வரும்.

ரெயில் நேராக இருக்கிறதா என்று பார்க்க: ரெயிலின் இரு முனையிலும் ஒரே தடிமனுள்ள இரண்டு துண்டுகளை வைத்து நூலை இறுக்கிக் கட்டுங்கள். அதே தடிமனுள்ள மூன்றாவது துண்டை ரெயில் நெடுக நூலுக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள். எங்காவது நூலைத் தூக்கினால் அங்கே மேடு. நூலுக்கும் துண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க: மெல்லிய தூண்டில் நரம்பு இரண்டை மூலைக்கு மூலை குறுக்காக இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மேலே இருந்த நரம்பைக் கீழாகவும் கீழே இருந்ததை மேலாகவும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். ஒரு நரம்பு மற்றதை அழுத்திக்கொண்டிருந்தால் முதல் முறை கண்ணுக்குத் தெரியாது. மாற்றிக் கட்டியதும் இடைவெளி விழுந்துவிடும். சந்திப்பில் 1 மி.மீ. இடைவெளி என்றால் ஏதோ ஒரு மூலை 2 மி.மீ. தப்பாக இருக்கிறது என்று பொருள். அந்த மூலையில் சக்கை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய துண்டு) கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

எந்த ரவுட்டர் வேண்டும்?

1,600 வாட்டுக்கு மேல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, அரை அங்குலம் அல்லது 12 மி.மீ. கோலெட். வேகக் கட்டுப்பாடு இல்லாத ரவுட்டரில் அகலமான பிட் போடக் கூடாது. கால் அங்குல ஷாங்க் உள்ள சின்ன டிரிம் ரவுட்டர் 20 மி.மீ. பிட்டோடு ஒரு காபி டேபிள் அளவைத் தாக்குப்பிடிக்கும், பெரிய மேசைக்கு வேண்டாம்.

எந்த பிட்?

அடிமுகம் வெட்டும் பிட். நேர் பிட் எல்லாம் இதற்கு உதவாது; பலவற்றுக்குப் பக்கவாட்டில்தான் கூர் இருக்கும், அடியில் மரத்தைத் தேய்த்துக் கருக்கிவிடும். 38 முதல் 50 மி.மீ. விட்டம் நல்ல நடுவழி. மாற்றக்கூடிய கார்பைடு (மிகக் கடினமான வெட்டுப்பொருள்) துண்டுகள் திருகப்பட்ட பிட் முதலில் செலவு அதிகம், ஆனால் எபாக்ஸி கூரை வேகமாகத் தின்னும் என்பதால் நாளடைவில் அதுவே லாபம்: ஒரு முனை மழுங்கினால் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். திருப்பும்போது துண்டு உட்காரும் குழியை நன்றாகத் துடையுங்கள். அங்கே ஒரு துணுக்குத் தூசி இருந்தாலும் ஒரு துண்டு மற்றதைவிட இறங்கி நிற்கும், இரண்டு கூரில் ஒன்று மட்டுமே வெட்டும்.

எந்த வேகத்தில் ஓட்டுவது?

25 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று, 38 மி.மீ.க்கு 14,000 முதல் 16,000, 50 மி.மீ.க்கு 12,000 முதல் 14,000, 63 மி.மீ.க்கு 10,000 முதல் 12,000. பிட்டின் மேல் பொறித்திருக்கும் உச்ச வேகம் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. 50 மி.மீ. பிட்டை 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் ஒரு கார்பைடு துண்டு கழன்றால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கையால் தள்ளும் வேகமும் முக்கியம். 12,000 சுற்றில் இரண்டு கூர் உள்ள பிட்டை நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு கூரும் 0.125 மி.மீ. எடுக்கும். அது சீவலாக வரும் அளவு. அதைவிட மெதுவாகப் போனால் கூர் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு, சூடென்றால் ரெசினுக்கு ஆகாது.

எபாக்ஸி ஊற்றி எத்தனை நாள் கழித்துச் சீவலாம்?

கையால் தொட்டால் ஒட்டவில்லை என்பது போதாது. தடிமனாக ஊற்றும் ரெசின்கள் அச்சிலிருந்து எடுக்கவே 3 நாள் வரை கேட்கும்; முழு கெட்டிக்கு 7 நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அறை குளிராக இருந்தால் இன்னும் தள்ளும். தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள நாளைப் பின்பற்றுங்கள்.

தெரியாத வகை என்றால் ஒரு சோதனை: கண்ணில் படாத ஓரத்தில் நகத்தை அழுத்துங்கள், தடம் விழக்கூடாது. பிறகு 80 எண் உப்புத்தாளால் பத்து முறை தேயுங்கள். காய்ந்த வெள்ளைத் தூள் உதிர்ந்தால் தயார். தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னும் காத்திருங்கள். அரைகுறையாக உறைந்த எபாக்ஸியின் தூள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. பொறுத்திருக்க இன்னொரு காரணம் அது.

மரத்தின் ஈரம் எவ்வளவு இருக்கலாம்?

ரெசின் ஊற்றும் முன்பே 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமான மரத்தை எவ்வளவு துல்லியமாகச் சீவினாலும் அது காயக் காயத் தன் இஷ்டத்துக்கு வளையும். ஸ்லெட்டால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

பலகையை எப்படி உட்கார வைப்பது? கிளாம்ப் போட்டு இறுக்கலாமா?

அழுத்தி இறுக்கக் கூடாது. பிளேனர் செய்யும் அதே தப்பை நீங்களே கையால் செய்ததாகிவிடும்: கிளாம்பைக் கழற்றியதும் பலகை துள்ளித் திரும்பும்.

முதலில் அடியில் ஒட்டிய ரெசின் கட்டிகளை உளியால் தட்டி எடுங்கள். பலகையைப் படுக்கையின் (ரெயில்களுக்கு நடுவே பலகை உட்காரும் தளம்) மேல் வைத்தால் இரண்டு எதிர்மூலைகள் தொடும், மற்ற இரண்டும் ஆடும். ஆடும் மூலை ஒன்றை அழுத்திக்கொண்டு அதற்கு எதிர்மூலையின் இடைவெளியை அளந்து பாருங்கள். 8 மி.மீ. என்றால் அதைப் பாதியாக்கி, ஆடும் இரண்டு மூலைக்கும் 4 மி.மீ. சக்கை கொடுங்கள். இந்தப் பாதியாக்கும் வேலையைச் செய்யாமல் ஒரே மூலைக்கு 8 மி.மீ. கொடுத்தால் 50 மி.மீ. பலகை கடைசியில் 42 ஆகும். செய்தால் 46 மிஞ்சும். நான்கு மில்லிமீட்டர் மரம் சும்மா கிடைக்கிறது.

அடுத்து, 200 முதல் 300 மி.மீ.க்கு ஒரு சக்கையாக, இடைவெளி உள்ள இடமெல்லாம் நிரப்புங்கள். ஆப்பு வடிவச் சக்கை சௌகரியம். விரலால் தள்ளி, பலகையைத் தூக்காமல், இடைவெளியை நிரப்பும் அளவு போதும். நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் பிட் அழுத்தும்போது பலகை கீழே போய், பிட் போனதும் மேலே வரும். அங்கே மேடு மிச்சமாகும். சக்கைகளை ஹாட் குளூவால் படுக்கையோடு ஒட்டிவிடுங்கள், அதிர்வில் நகர்ந்துவிடும்.

பக்கவாட்டில் நகராமல் இருக்கப் பலகையைச் சுற்றிக் கட்டைகளைப் படுக்கையில் திருகுங்கள். கட்டையின் தலை, பலகை கடைசியில் வந்து நிற்கப்போகும் உயரத்துக்கு 10 மி.மீ. கீழே இருக்கட்டும்.

குவிந்து வளைந்த பலகை என்றால் குழிந்த பக்கம் கீழே போகட்டும். இரு ஓரத்திலும் உறுதியாக உட்காரும்.

எங்கிருந்து தொடங்குவது, ஒரு சுற்றில் எவ்வளவு எடுப்பது?

ரவுட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிட்டைச் சற்றே உயர்த்தி, ஸ்லெட்டைப் பலகை முழுதும் நகர்த்தி மிக உயரமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே பிட் தொடும்படி ஆழத்தை வையுங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து 1 மி.மீ. இறக்கித் தொடங்கலாம்.

50 மி.மீ. பிட்டில் மரத்துக்கு ஒரு சுற்றில் 2 மி.மீ. வரை போகலாம். எபாக்ஸிக்கு 1 மி.மீ. போதும். இரண்டும் கலந்த பலகையில் எபாக்ஸிக்குத்தான் அடங்கிப் போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஸ்லெட்டைப் பிட் விட்டத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நகர்த்துங்கள், 50 மி.மீ. பிட்டுக்கு 25 முதல் 33 மி.மீ. கடைசிச் சுற்றில் ஆழம் 0.3 முதல் 0.5 மி.மீ., நகர்த்தல் 15 மி.மீ. அந்தச் சுற்றுக்குப் புதுக் கூர் போட்டுக்கொண்டால் உப்புத்தாள் வேலை பாதியாகும்.

முதல் சுற்றுக்கு முன் பலகை முழுதும் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் மிச்சமிருக்கும் இடத்தை பிட் இன்னும் தொடவில்லை.

எந்தத் திசையில் தள்ளுவது? சில நேரம் ரவுட்டர் தானாக இழுத்துக்கொண்டு ஓடுகிறதே?

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுழற்சியில் சுற்றுகிறது. ரவுட்டர் போகும் திசைக்கு இடப்பக்கம் இன்னும் சீவாத பொருள் இருந்தால் பிட் உங்கள் தள்ளலை எதிர்க்கும். கட்டுப்பாடு உங்கள் கையில். வலப்பக்கம் இருந்தால் பிட் சக்கரம் போல உருண்டு ரவுட்டரை முன்னே இழுக்கும். தானாக ஓடுவதாகத் தோன்றுவது இதுதான்.

ஸ்லெட் வலமிருந்து இடமாக முன்னேறினால், உங்களிடமிருந்து தள்ளும் ஓட்டம் பாதுகாப்பானது, உங்களை நோக்கி இழுப்பது இழுத்துக்கொள்ளும் ஓட்டம். எனவே தள்ளும்போது மட்டும் சீவுங்கள். ஸ்லெட்டை நகர்த்தாமல் அதே தடத்தில் திரும்பி வந்து, பிறகு அடுத்த தடத்துக்கு நகர்த்துங்கள். திரும்பி வரும் ஓட்டம் வீணில்லை. விட்டுப்போன பிசிர்களை அது துடைத்துக்கொண்டு வரும். சீவும்போது ஸ்லெட்டே ரெயில் மேல் நகராதபடி இடுப்பாலோ ஒரு கிளாம்பாலோ நிறுத்திக்கொள்ளுங்கள்.

முரட்டுச் சுற்றுகளை இழைக்குக் குறுக்கே ஓட்டலாம், மரம் எளிதாக வெட்டுப்படும். கடைசிச் சுற்றை ரவுட்டரை ஸ்லெட்டுக்குள் ஓரிடத்தில் நிறுத்தி, ஸ்லெட்டை நீளவாக்கில் தள்ளி, இழையோடு ஓட்டினால் மிஞ்சும் தடங்கள் இழைக்குள்ளேயே மறையும்.

ரெசின் உருகி, நூல் நூலாக பிட்டில் சுற்றிக்கொள்கிறது.

சூடு. அறை வெப்பத்தில் உறையும் எபாக்ஸி பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அந்தச் சூட்டை உரசல் சில நொடிகளில் கொண்டுவந்துவிடும். காரணங்கள் நான்குதான்: சுழற்சி வேகம் அதிகம், தள்ளும் வேகம் குறைவு, கூர் மழுங்கியது, அல்லது ரெசின் முழுதாக உறையவில்லை.

சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையான, உள்ளங்கையில் நொறுங்கும் சுருள்கள் வந்தால் எல்லாம் சரி. மாவு போன்ற தூள் என்றால் நீங்கள் மிக மெதுவாகப் போகிறீர்கள், அல்லது கூர் போய்விட்டது. விரலில் வளைந்து ஒட்டும் நூல் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடும் ரவுட்டரை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதும் கூடாது. ஒரு நொடி போதும், வட்டமாக ஒரு மங்கல் தடம் விழுந்து அடுத்த சுற்று வரை கண்ணில் உறுத்தும்.

ரெசினின் ஓரம் துண்டு துண்டாகப் பிய்கிறது.

கெட்டியான எபாக்ஸிக்கு வளைந்துகொடுக்கும் குணம் குறைவு. பிட் விளிம்பைத் தாண்டி வெளியேறும் இடத்தில் பின்னால் தாங்கல் இல்லாததால் உடைகிறது. மரத்திலும் இதேதான் நடக்கும், இழை பிளந்து போகும். பலகையை எல்லாப் பக்கமும் 10 முதல் 20 மி.மீ. கூடுதலாக வார்த்து, மட்டமாக்கிய பிறகு ஓரத்தை வெட்டி எடுப்பதே எளிய வழி. கூடுதல் இல்லையென்றால் முதலில் ஓரத்தைச் சுற்றி வெளியிலிருந்து உள்நோக்கி 30 மி.மீ. சீவிவிட்டு, பிறகு நடுவுக்குப் போங்கள். கணுவைச் சுற்றியும் சுருண்ட இழை உள்ள இடத்திலும் ஆழத்தைப் பாதியாக்குங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே படி போலக் கோடு விழுகிறது. நகத்தில் தட்டுகிறது.

பிட் படுக்கைக்குச் செங்குத்தாக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதால் ஒவ்வொரு தடமும் ஓர் ஓரத்தில் ஆழமாகவும் மறு ஓரத்தில் ஆழம் குறைந்தும் இருக்கும்.

சரிபார்க்க: மின் இணைப்பைக் கழற்றி, பிட்டை எடுத்துவிட்டு, கோலெட்டில் ஒரு வளைத்த கம்பியைப் பிடித்து அதன் நுனியில் டயல் கேஜைப் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டும் அளவி) பொருத்துங்கள். 150 மி.மீ. விட்ட வட்டத்தில் கையால் சுற்றி, ஸ்லெட்டின் அடியில் வைத்த கண்ணாடித் தட்டின் மேல் நான்கு திசையிலும் அளவைப் பாருங்கள். 0.1 மி.மீ. வித்தியாசம் என்றால் 50 மி.மீ. பிட்டில் படி சுமார் 0.03 மி.மீ., உப்புத்தாளுக்கு அது ஒன்றுமே இல்லை. 0.6 மி.மீ. வித்தியாசம் என்றால் படி 0.2 மி.மீ., அதைத் தேய்த்தே அலுத்துப்போவீர்கள். ரவுட்டர் அடித்தட்டுக்கும் உடலுக்கும் இடையே காகிதத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். சாதாரண எழுதுதாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். டயல் கேஜ் இல்லையென்றால் கம்பியின் நுனிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தாள் நான்கு பக்கமும் ஒரே இறுக்கத்தில் நுழைகிறதா என்று பாருங்கள்.

சாய்வு சரியாக இருந்தும் கோடு விழுந்தால், ரவுட்டரின் அடியில் சீவல் மாட்டிக்கொண்டிருக்கிறதா, மின்வயர் ரவுட்டரை ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வயரை மேலே தொங்கவிடுவது நல்லது.

நடுவில் பள்ளமாகவும் ஓரத்தில் மேடாகவும் வருகிறது.

ஸ்லெட் நடுவில் தொய்கிறது. ரவுட்டர் நடுவுக்கு வரும்போது அதன் எடையில் அடிப்பலகை இறங்க, பிட் ஆழமாக வெட்டுகிறது. பக்கச் சட்டத்தை உயர்த்துங்கள், அல்லது அலுமினியக் கோணச்சட்டம் ஒன்றைப் பக்கவாட்டில் திருகுங்கள். ரவுட்டரைக் கீழே அழுத்தாதீர்கள். பக்கவாட்டில் தள்ளினால் போதும், எடையை அதுவே பார்த்துக்கொள்ளும். பள்ளம் நீளவாக்கில் இருந்தால் குற்றவாளி ரெயில்.

போகப்போக ஆழம் கூடிக்கொண்டே போகிறது.

கோலெட்டில் பிட் நழுவுகிறது, அல்லது ரவுட்டரின் ஆழப் பூட்டு அதிர்வில் தளர்கிறது. ஷாங்கைக் கோலெட்டின் அடிவரை முட்டவிட்டு இறுக்கினால் இறுக்கும்போது பிடி சரியாக விழாது. முழுதாக உள்ளே விட்டு 2 முதல் 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். கோலெட்டின் உள்ளே எண்ணெயோ பிசினோ இருக்கக் கூடாது. ஷாங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் நழுவுவது உடனே தெரியும்.

முதல் பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. திருப்பிப் போட்டுச் சீவி ஒரு வாரத்தில் பலகை வளைந்துவிட்டது!

ஒரு பக்கத்திலிருந்து நிறையவும் மறுபக்கத்திலிருந்து கொஞ்சமும் எடுத்திருப்பீர்கள். பலகைக்குள் ஈரமும் இறுக்கமும் எல்லா ஆழத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு முகத்தை மட்டும் திறந்தால் சமநிலை கெடும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு எடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் பக்கத்தை முரட்டுச் சுற்றில் மட்டமாக்கி, திருப்பி, மறுபக்கத்தையும் முரட்டுச் சுற்றில் முடித்து, இரு பக்கமும் 1 மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்துங்கள். பலகையை விளிம்பில் நிறுத்தி, இரு முகத்திலும் காற்று படும்படி சில நாள் விடுங்கள். தரையில் படுக்கவைத்தால் மேல்முகம் மட்டும் காய்ந்து வளையும். பிறகு சக்கை கொடுத்து இறுதிச் சுற்றுகளை ஓட்டுங்கள்.

இரண்டாவது பக்கம் முதல் பக்கத்துக்கு இணையாக வர வேண்டும் என்றால் படுக்கை ரெயிலுக்கு இணையாக இருக்க வேண்டும். படுக்கையின் மேல் ஒரு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைத் திருகி, அதே ஸ்லெட்டால் அதை முதலில் சீவிவிடுங்கள். திருகுகள் ஆழமாகப் புதைந்திருக்கட்டும்.

சீவியதும் ரெசினில் ஊசித்துளைகள் தெரிகின்றன.

உள்ளே இருந்த காற்றுக்குமிழிகளை பிட் வெட்டித் திறந்திருக்கிறது. வாய் குறுகலாக இருப்பதால் மேலே ரெசினைத் தடவினால் உள்ளே போகாது, அடைபட்ட காற்று மீண்டும் மேலே வந்து அதே துளையைத் தரும். 1.5 அல்லது 2 மி.மீ. துளைப்பானால் வாயை அகலமாக்கி, தூளை ஊதி எடுத்து, அதே ரெசினை அதே நிறத்தில் கலந்து குச்சியால் சொட்டு சொட்டாக விடுங்கள். சற்று மேடாக நிற்கட்டும். முழுதாக உறைந்த பிறகு தகட்டுச் சுரண்டியால் மட்டமாக்குங்கள். இதைக் கடைசிச் சுற்றுக்கு முன்பே செய்தால் சுரண்டும் வேலையும் மிச்சம், பிட்டே பார்த்துக்கொள்ளும்.

மரமும் ரெசினும் சேரும் கோட்டில் விரிசல் விடுகிறது.

பிட் மேல் பழி போடாதீர்கள், ஒட்டுதல் முன்பே பலவீனமாக இருந்திருக்கும். மரப்பட்டை எடுக்கப்படாதது, எண்ணெய்ப் பசையுள்ள மரம், ஈரம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். மெல்லிய ரெசினைச் சற்று வெதுவெதுப்பாக்கி விரிசலுக்குள் ஊறவிடலாம். பட்டையோடு பிரிகிறது என்றால் பட்டையைச் சுரண்டி எடுத்து அந்தக் கோட்டை மறுபடி வார்ப்பதே தீர்வு.

உப்புத்தாள் எந்த எண்ணில் தொடங்குவது?

80. பிட்டின் தடம் முழுதும் போகும் வரை 80ஐ விட்டு நகரக் கூடாது. அடுத்தடுத்த எண்கள் அதற்கு முந்தைய கீறலைத்தான் அழிக்கும், பிட்டின் தடத்தை அழிக்காது. பிறகு 120, 180, 220. மேலே எபாக்ஸி பூச்சு ஊற்றப்போகிறீர்கள் என்றால் 120 அல்லது 150லேயே நிறுத்துங்கள், பூச்சு பற்றிக்கொள்ள அந்தக் கீறல் வேண்டும். எண்ணெய்ப் பூச்சு என்றால் மரத்துக்கு 220 போதும், ஆனால் அடர்நிற ரெசினில் கீறல் வெள்ளையாகத் தெரியும். அங்கே 320, 400 வரை போக வேண்டியிருக்கும்.

மரம் ரெசினைவிட மென்மையானது என்பதால் மென்மையான பஞ்சுத்தட்டில் தேய்த்தால் மரம் தாழ்ந்துபோய் ரெசின் மேடாக நிற்கும். கடினமான தட்டு போடுங்கள். விளக்கைப் பலகையின் பக்கத்தில் தாழ்வாக வைத்துப் பார்த்தால் மேலே தொங்கும் விளக்கில் தெரியாத தடமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

தூசிக்கு என்ன செய்வது?

1.8 சதுர மீட்டர் மேசையில் 1 மி.மீ. எடுத்தாலே 1.8 லிட்டர் கெட்டிப் பொருள். சீவலாகும்போது அது பல மடங்கு பெருகும். ரவுட்டருக்கு உறிஞ்சுகுழாய் மாட்டுங்கள். ரவுட்டரையும் உறிஞ்சியையும் ஒரே நீட்டிப்பு வயரில் ஓட்ட வேண்டாம். முகத்துக்கு என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.-2 முகமூடி, பக்கமும் மூடிய கண்ணாடி, காதுக்கு மூடி. எபாக்ஸிச் சீவல் நிலைமின்னேற்றத்தில் உடையெல்லாம் ஒட்டும், முழுக்கைச் சட்டை போட்டால் தோல் தப்பும்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

2 மீட்டர் நீளம், 900 மி.மீ. அகலம், 30 மி.மீ. நகர்த்தல் என்றால் ஒரு சுற்றுக்கு 67 ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு 18 நொடி, திரும்பி வர 12 நொடி: சுமார் 34 நிமிடம். பக்கத்துக்கு ஐந்து சுற்று, இரண்டு பக்கம் என்றால் ஆறு மணி நேரத்தைத் தொடும். ரெயில் அமைப்பதும் சக்கை வைப்பதும் இதில் சேரவில்லை.

மரத்துக்குள் ஆணி இருந்தால்?

கார்பைடு கூர் சிதறும். பழைய மரம், வேலியோரம் நின்ற மரம் என்றால் சீவும் முன் உலோகங்காட்டியை முழுப் பலகையிலும் ஓட்டிப் பாருங்கள். ரெசினுக்குள் கூழாங்கல்லோ சிப்பியோ புதைத்திருந்தால், பிட்டின் தளம் அதன் தலைக்கு 3 மி.மீ. மேலாகவே நிற்கட்டும்.